வேலை நேரம் தானாகக் குறைவதில்லை: தென் கொரியா தரும் சான்று

வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க இந்திய இளைஞர்கள் முன்வர வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி ஒரு பேட்டியில் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியும் ஜப்பானும் அப்படித்தான் எழுந்தன என்பது அவர் காட்டிய சான்று. அந்தப் பேச்சைச் சுற்றி எழுந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் உடல்நலமா நாட்டுப்பற்றா என்கிற அளவிலேயே அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஒரு நாடு வளரும்போது அங்கே உழைப்பவர்களின் நேரத்துக்கு உண்மையில் என்ன நேர்கிறது என்ற வரலாற்றுக் கேள்வி ஓரத்திலேயே கிடக்கிறது. அதற்கு விடை தேடாமல் 70 மணி நேரத்தை ஆதரிப்பதிலும் எதிர்ப்பதிலும் பயன் குறைவு.

இதற்குத் தென் கொரியாவைவிடப் பொருத்தமான களம் அரிது. மற்ற நாடுகள் நூற்றைம்பது ஆண்டுகளில் கடந்த தூரத்தை அது ஒரு மனித ஆயுளுக்குள் கடந்தது. கிராமத்தில் நெல் நட்டுத் தொடங்கி, நகரத்தில் தையல் மிஷின் மிதித்து, பேரப்பிள்ளை கணினி முன் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்தவர்கள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கொரியாவின் அனுபவத்திலிருந்து நான் பெறும் முடிவு இது: பொருளாதார வளர்ச்சி கூலியை ஓரளவு தானாகவே உயர்த்தும், வேலை நேரத்தை அது தானாகக் குறைக்காது. அதற்குச் சட்டமும், அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தொழிலாளர் அமைப்பும் வேண்டும்.

ஏழை நாடுகளே அதிகம் உழைக்கின்றன

முதலில் ஒரு பொதுவான நம்பிக்கையைச் சரிபார்த்துவிடலாம். பணக்கார நாடுகள் அதிகம் உழைத்து முன்னேறின, ஏழை நாடுகள் உழைக்காமல் பின்தங்கின என்பது அந்த நம்பிக்கை. அலெக்சாண்டர் பிக், நிக்கோலா ஃபூக்ஸ்-ஷூண்டெல்ன், டேவிட் லகாகோஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் பல நாடுகளின் குடும்பக் கணக்கெடுப்புகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட்டு 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வருமானம் குறைந்த நாடுகளில் வயது வந்த ஒருவர், பணக்கார நாடுகளில் உள்ளவரைவிட வாரத்துக்குச் சுமார் 50 சதவீதம் அதிக நேரம் உழைக்கிறார் என்று அது காட்டியது. ஆண்களுக்கும் பெண்களுக்கும், எல்லா வயதினருக்கும், எல்லாக் கல்வி நிலையினருக்கும் இது பொருந்துகிறது. பெரும்பாலான நாடுகளுக்குள்ளேயும் குறைந்த கூலி வாங்குபவர்தான் அதிக நேரம் உழைக்கிறார். மிகப் பணக்கார நாடுகளில் மட்டுமே அந்தப் போக்கு மாறுகிறது.

ஆக, ஏழை நாட்டின் குறை உழைக்கும் மணிகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒரு மணி நேர உழைப்பு ஈட்டித் தருவது குறைவாக இருப்பதுதான் குறை. கருவி, மின்சாரம், சாலை, கல்வி, நிர்வாகம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு மணி நேரத்தின் மதிப்பை நிர்ணயிக்கின்றன. 1870 வாக்கில் ஜெர்மானியத் தொழிலாளி ஆண்டுக்கு 3,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார். இன்று அந்த நாட்டின் சராசரி சுமார் 1,350 மணி நேரம்.

இந்த இறக்கம் நேர்கோட்டில் நடக்கவில்லை. முதலில் ஏற்றம், பிறகுதான் இறக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் மக்கள் எந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கண்டறிய வரலாற்றாளர் ஹான்ஸ்-யோவாகிம் வோத் ஓர் அரிய வழியைக் கையாண்டார். ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர்கள், குற்றம் நடந்தபோது தாங்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொன்ன வாக்குமூலங்களைத் திரட்டிக் கணக்கிட்டார். தொழிற்புரட்சி தொடங்கிய தலைமுறைகளில் ஆங்கிலேயரின் உழைப்பு ஆண்டு நீண்டுகொண்டே போனதை அது காட்டியது. திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் இருக்கும் பழைய வழக்கமும், திருவிழா விடுமுறைகளும் மெல்ல மறைந்தன.

காரணம் எளியது. விவசாயத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் இடையே ஓய்வு காலம் உண்டு. ஆலைக்குப் பருவம் கிடையாது. கடன் வாங்கி நிறுவிய இயந்திரம் நின்றிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் முதலாளிக்கு நஷ்டம். கிராமத்திலிருந்து வருபவர்கள் வாசலில் வரிசையாக நிற்கும்வரை, உள்ளே இருப்பவர் நேரத்தைப் பற்றிப் பேரம் பேச முடியாது.

சட்டம் இருந்தது, தெரியாமல் இருந்தது

கொரியப் போர் முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1953 மே மாதத்தில், தென் கொரியா தொழிலாளர் தர நிர்ணயச் சட்டத்தை இயற்றியது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். இருதரப்பு ஒப்புதலுடன் 60 மணி நேரம் வரை போகலாம். உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றாக இருந்த கொரியாவுக்கு அது காகிதத்தில் முன்னேறிய சட்டம். 1963-இல் வேலையில் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் விவசாயத்திலும் மீன்பிடிப்பிலும் இருந்தனர். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படிப்பட்ட நாட்டில் 8 மணி நேரச் சட்டம் யாரைத் தொடும்?

1960களில் பார்க் சுங்-ஹீயின் ராணுவ அரசு ஏற்றுமதியை முன்னிறுத்தியது. ஆயத்த ஆடை, சவுரி முடி, ஒட்டுப்பலகை ஆகியவை முதல் ஏற்றுமதிப் பொருட்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகள் சியோல் நகருக்கு வந்து குவிந்தார்கள். சியோலின் பியோங்ஹ்வா சந்தையில் கீழே துணிக்கடைகளும் மேல் மாடிகளில் தையல் கூடங்களும் இருந்தன. இடத்தை மிச்சப்படுத்த ஒரே அறையைக் குறுக்கே பலகை அடித்து இரண்டு தட்டாக்கியிருந்தார்கள். மேல்தட்டின் உயரம் சுமார் ஒன்றரை மீட்டர். வளர்ந்தவர் நிமிர்ந்து நிற்க முடியாது. ஜன்னல் இல்லை, பஞ்சுத் தூசி வெளியேற வழியில்லை. தையல்காரருக்கு நூல் வெட்டி, துணி மடித்து, இஸ்திரி போட்டுக்கொடுக்கும் கையாட்கள் பெரும்பாலும் பதின்மூன்று, பதினைந்து வயதுச் சிறுமிகள். திருப்பூரில் கைமடி என்பார்களே, அந்த வேலை. நாளுக்கு 14 மணி நேரம், வேலை மும்முரமான நாட்களில் 16 மணி நேரம். மாதத்துக்கு இரண்டு நாள்தான் விடுப்பு.

அங்கே துணி வெட்டுபவராக இருந்தவர் ஜியோன் டே-இல். 1948-இல் டேகு நகரில் பிறந்தவர். வறுமையால் படிப்பு பாதியில் நின்றது. பசியோடு வேலை செய்யும் சிறுமிகளுக்குப் பேருந்துக் காசில் தின்பண்டம் வாங்கிக்கொடுத்துவிட்டு, நகரின் விளிம்பிலிருந்த வீட்டுக்கு இரவில் நடந்தே போவார். தொழிலாளர் தர நிர்ணயச் சட்டம் என்று ஒன்று இருப்பதே அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சட்டநூல் சீன எழுத்துகள் கலந்த கடினமான நடையில் இருந்தது. இதை விளக்கிச் சொல்ல ஒரு கல்லூரி மாணவன் நண்பனாகக் கிடைக்கமாட்டானா என்று ஏங்கினார். சக தொழிலாளர்களைச் சேர்த்துச் சிறு சங்கம் அமைத்தார். வேலை நேரம், நோய், விடுப்பு பற்றிக் கேள்வித்தாள் கொடுத்துக் கணக்கெடுத்தார். தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். குடியரசுத் தலைவருக்கு அவர் எழுதிய மனுவின் கோரிக்கைகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. 14 மணி நேரத்தை 10 அல்லது 12 ஆகக் குறையுங்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் விடுப்பு கொடுங்கள், மருத்துவப் பரிசோதனையை முறையாக நடத்துங்கள். சட்டம் ஏற்கெனவே கொடுத்திருந்த 8 மணி நேரத்தைக்கூட அவர் கேட்கவில்லை.

எதுவும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள், நாங்கள் இயந்திரங்கள் அல்ல என்று முழங்கியபடி சந்தைக்கு முன்னால் அவர் தீக்குளித்து இறந்தார். வயது 22. அவருடைய தாய் லீ சோ-சன், மகனின் கோரிக்கைகள் ஏற்கப்படும்வரை உடலை வாங்க மறுத்தார். அந்த மாதமே அங்கே ஆடைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 2011-இல் இறக்கும்வரை அந்தத் தாய் தொழிலாளர் இயக்கத்திலேயே வாழ்ந்தார்.

வருமானம் பத்து மடங்கு, வேலை வாரம் குறையவில்லை

அடுத்து வந்த பதினாறு ஆண்டுகள்தான் நம் கேள்விக்கு நேரடியான சோதனை. 1970-இல் கொரியாவின் தனிநபர் வருமானம் சுமார் 250 டாலர். 1986-இல் அது 2,500 டாலரைத் தாண்டியிருந்தது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் இரண்டு மடங்குக்கு மேல். கிராமங்களில் உபரியாக இருந்த உழைப்பு 1970களின் நடுவில் தீர்ந்துவிட்டது என்று பொருளியலாளர்கள் பலர் கருதுகின்றனர். உபரி உழைப்பு தீரும் கட்டத்தில் கூலி உயரத் தொடங்கும் என்று ஆர்தர் லூயிஸ் 1954-இல் எழுதிய கோட்பாடு சொல்கிறது. கொரியாவில் அப்படியே நடந்தது. எழுபதுகளின் பிற்பாதியில் உண்மைக் கூலி வேகமாக ஏறியது.

வேலை நேரம் மட்டும் குறையவில்லை. 1970-இல் ஆலைத் தொழிலாளியின் சராசரி வாரம் 50 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. 1986-இல் அது 54 மணி நேரத்தையும் தாண்டிவிட்டது. சட்டம் அப்போதும் 48 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏன்? சம்பளம் கட்டமைக்கப்பட்ட விதம் ஒரு காரணம். அடிப்படைக் கூலியைத் தாழ்வாக வைத்து, கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தந்தார்கள். ஓவர்டைம் பார்த்தால்தான் வீட்டு வாடகையும் தம்பி தங்கையின் பள்ளிக் கட்டணமும் தேறும். இந்த நிலையில் தொழிலாளி விரும்பியே கூடுதல் நேரம் உழைக்கிறார் என்று கணக்குக் காட்டிவிடலாம். ஆலையை ஒட்டிய விடுதிகள் இரண்டாவது காரணம்: தூங்குமிடமும் வேலையிடமும் ஒரே மதிலுக்குள் இருந்தன. மூன்றாவதும் முதன்மையானதுமான காரணம், கூட்டாகப் பேச வழியில்லாதது. சுதந்திரமான சங்கங்களை ராணுவ அரசுகள் நசுக்கின. கூலியைத் தனியாள்கூட ஓரளவு பேரம் பேசலாம். பக்கத்து ஆலையில் கூடுதலாகத் தருகிறார்கள் என்றால் அங்கே போய்விடலாம். வேலை நேரம் அப்படிப்பட்டதல்ல. ஓடும் வரிசையில் ஒருவர் மட்டும் ஐந்து மணிக்கு எழுந்து போக முடியாது. எல்லோருக்கும் சேர்த்துத்தான் சங்கு ஊத வேண்டும். அதனால்தான் வேலை நேரம் இயல்பிலேயே கூட்டுக் கோரிக்கையாக இருக்கிறது.

1987 ஜூன் மாதம் மக்கள் எழுச்சியின்முன் ராணுவ அரசு பணிந்து நேரடித் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டது. அடுத்த மூன்று மாதங்களில் உல்சான் நகரின் கப்பல், கார் ஆலைகளில் தொடங்கி நாடெங்கும் 3,000-க்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் வெடித்தன. அந்தக் கோரிக்கைப் பட்டியல்களில் ஒன்று நம்மை நிறுத்திப் பார்க்கவைக்கும்: தலைமுடியை விருப்பப்படி வைத்துக்கொள்ளும் உரிமை. வாசலில் காவலர்கள் முடியின் நீளத்தைச் சோதித்து உள்ளே விட்ட ஆலைகள் இருந்தன. ஒரு தொழிலாளியின் தலைமுடிவரை நீண்டிருந்த அதிகாரம் அவருடைய மாலை நேரத்தை மட்டும் எப்படி விட்டுவைத்திருக்கும்!

தொழிற்சங்கங்களின் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல் பெருகியது. 1989-இல் சட்டம் திருத்தப்பட்டு, வார வரம்பு 48-லிருந்து 44 மணி நேரமாகப் படிப்படியாக இறங்கியது. பதினாறு ஆண்டுகள் குறையாமல் நின்ற ஆலை வாரம், 1990களின் தொடக்கத்துக்குள் சுமார் ஐந்து மணி நேரம் குறைந்தது. இதனால் வளர்ச்சி படுத்துவிடவில்லை. 1990, 1991 ஆண்டுகளிலும் கொரியப் பொருளாதாரம் மிக வேகமாக வளர்ந்தது.

நாற்பது, அறுபத்தெட்டு, ஐம்பத்திரண்டு

அதற்குப் பின்னும் ஒவ்வொரு மணி நேரமும் வாதாடித்தான் பெறப்பட்டது. 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு அரசு, தொழிலதிபர்கள், சங்கங்கள் மூவரும் அமர்ந்த முத்தரப்புக் குழுவில் 40 மணி நேர வாரம் பேசப்பட்டது. 2003-இல் சட்டமாகி, 2004 ஜூலையில் 1,000 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில் தொடங்கி, 2011-இல் ஐந்து பேர் உள்ள நிறுவனங்கள்வரை வந்து சேர்ந்தது. சனிக்கிழமை விடுமுறை என்பதே கொரியக் குடும்பங்களுக்கு அப்போதுதான் கிடைத்தது.

ஆனால் சட்டத்தில் ஓட்டை இருந்தது. 40 மணி நேரத்தோடு 12 மணி நேரம் ஓவர்டைம் சேர்த்தால் 52. தொழிலாளர் அமைச்சகமோ, வாரம் என்றால் வேலை நாட்கள் ஐந்து மட்டுமே, சனி ஞாயிறு அதில் சேராது என்று விளக்கம் கொடுத்துவைத்திருந்தது. அந்த இரண்டு நாளுக்கும் எட்டெட்டு மணி நேரம் கூட்டினால் 68! வாரத்துக்கு ஏழு நாள் என்று 2018-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்களில் அந்த ஜூலையிலும், சிறியவற்றில் 2021-க்குள்ளும் 52 மணி நேர உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. தேவைப்படும் வாரங்களில் 69 மணி நேரம்வரை அனுமதிக்கலாம் என்று 2023 மார்ச்சில் அரசு முன்வைத்த திட்டத்தை இளைய தொழிலாளர்கள் கடுமையாக எதிர்க்க, அதை மறுபரிசீலனை செய்யும்படி குடியரசுத் தலைவரே உத்தரவிட்டார்.

விளைவு என்ன? கொரியத் தொழிலாளியின் ஓராண்டு உழைப்பு இன்று சுமார் 1,900 மணி நேரத்துக்கு வந்திருக்கிறது. ஜெர்மனியைவிட இன்னும் 500 மணி நேரம் அதிகம். 40 மணி நேர வாரம் வந்த பிறகு ஆலைகளில் உற்பத்தித்திறன் குறையவில்லை, சற்றே உயர்ந்தது என்று அந்நாட்டின் அரசு ஆய்வு நிறுவனமான கே.டி.ஐ. 2017-இல் கண்டறிந்தது. நேரம் குறைந்த இடங்களில் விபத்துகளும் குறைந்தன என்று வேறோர் ஆய்வு காட்டியது.

நேரத்தைக் குறைத்தால் மிச்சமாகும் வேலையைப் பகிர்ந்து புதியவர்களுக்குக் கொடுக்கலாம் என்ற வாதத்தை மட்டும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் ஜெர்மனியில் வேலை வாரம் குறைக்கப்பட்டபோது வேலைவாய்ப்பு பெருகவில்லை என்று பொருளியலாளர் ஜெனிபர் ஹன்ட் ஆராய்ந்து காட்டினார். ஒரு பொருளாதாரத்தில் இவ்வளவுதான் வேலை என்று யாரும் அளந்து வைக்கவில்லை. வேலை நேரக் குறைப்பை நியாயப்படுத்த உடல்நலமும் மனிதருக்குரிய வாழ்வுமே போதும். வேலைவாய்ப்புக்கு வேறு கொள்கைகள் தேவை.

வெளியே விடப்பட்டவர்கள்

நேரத்தோடு வேலையின் தன்மையும் மாறியது. கொரியாவில் விவசாயத்தின் பங்கு 63 சதவீதத்திலிருந்து இன்று சுமார் 5 சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது. ஆலை வேலை 1990-ஐ ஒட்டி நான்கில் ஒரு பங்கைத் தாண்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்கியது. இப்போது பெரும்பான்மையோர் சேவைத் துறையில். சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் நான்கில் மூன்று பங்குக்கு மேல். சட்டம் பிடித்துக்கொள்ள ஒரு முதலாளியும் ஒரு சம்பளப் பட்டியலும் வேண்டும். வளர்ச்சி அதைத்தான் உருவாக்கிக் கொடுத்தது. ஜியோன் டே-இல் காலத்தில் சிலரைத் தொட்ட சட்டம் இப்போது பலரைத் தொடுகிறது.

ஆனாலும் ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கு நேர உச்சவரம்பு இன்றும் கிடையாது. சம்பளத் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நிரந்தரமற்றவர்கள். ஓவர்டைமையும் உள்ளடக்கி மொத்தச் சம்பளம் என்று ஒப்பந்தம் போட்டு, எத்தனை மணி நேரமானாலும் அதே தொகை தரும் வழக்கம் பல அலுவலகங்களில் நீடிக்கிறது. 65 வயதைத் தாண்டியும் மூன்றில் ஒருவருக்கு மேல் வேலை பார்க்கிறார். போதிய ஓய்வூதியம் இல்லாததே முக்கியக் காரணம். 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்ற அளவுக்குப் பிறப்பு விகிதம் வீழ்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு; நீண்ட வேலை நேரம் அவற்றில் ஒன்று என்பதைக் கொரியர்களே பேசுகிறார்கள்.

நமக்கு இதில் என்ன பாடம்

இந்தியாவின் நிலை 1970-இன் கொரியாவோடு பல வகையில் ஒப்பிடத்தக்கது. தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2023-24-இல் உழைப்போரில் சுமார் 46 சதவீதம் பேர் விவசாயத்தில் இருக்கின்றனர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தரவுப்படி இந்தியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வாரத்துக்கு 49 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கின்றனர். போதாத உழைப்பு என்று யார் சொல்ல முடியும்? பெண்களின் கணக்கு இதிலும் முழுதாக வருவதில்லை. 2019-இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 70 மணி நேர அலுவலக வாரத்தை ஒருவர் தாங்க வேண்டுமானால், வீட்டில் இன்னொருவர் சம்பளமில்லாமல் அதைத் தாங்கியாக வேண்டும்.

நம்மிடமும் சட்டம் வளர்ச்சிக்கு முன்பே வந்தது. வாரத்துக்கு 60 மணி நேரம் என்று 1922-இலும், 54 என்று 1934-இலும், 48 என்று 1946-இலும் தொழிற்சாலைச் சட்டம் படிப்படியாக இறங்கியது. சுதந்திர இந்தியாவின் 1948 சட்டம் 48-ஐ நிலைநிறுத்தி, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி விதித்தது. இதற்குப் பின்னால் சென்னைக்கும் பங்கு உண்டு. பி.பி. வாடியா தலைவராக, திரு.வி.க. துணை நிற்க, 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார்.

நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைநாளுக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். 2024-இல் ஸ்ரீபெரும்புதூரில் கொரிய நிறுவனமான சாம்சங்கின் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக நடத்திய வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதே. 1987-இல் உல்சானில் எழுந்த அதே கேள்வி இது.

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48 மணி நேரம், மின்சாரத்தில் இயங்கும் இடமென்றால் பத்துப் பேராவது வேலை செய்யும் தொழிற்கூடத்துக்குத்தான் பொருந்தியது. அதற்குக் கீழே உள்ள பட்டறை, வீட்டில் பீடி சுற்றுபவர், உணவு கொண்டுவரும் இருசக்கர வாகனத் தொழிலாளி, நிலத்தில் கூலிக்குப் போகிறவர் எல்லோரும் அதற்கு வெளியே இருந்தனர். துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அது சிறிய சட்டம்போலத் தெரியலாம். ஆனால் செய்ய வேண்டியது எந்தத் திசையில் என்பதை அது காட்டுகிறது: வேலை எங்கே நடக்கிறதோ அங்கே சட்டம் போய்ச் சேர வேண்டும்.

நாட்டை உயர்த்த இன்னும் அதிக மணி நேரம் உழைக்கச் சொல்பவர்கள், மிக அதிக நேரம் உழைப்பவர்கள் ஏற்கெனவே இந்த நாட்டின் ஏழைகள்தான் என்பதைப் பார்க்க வேண்டும். வளர்ந்த பிறகு நேரம் தானாகக் குறையும், அதுவரை பொறுத்திருங்கள் என்று சொல்பவர்கள் கொரியாவின் 1970 முதல் 1986 வரையான கணக்கைப் பார்க்க வேண்டும். அவர்கள் முதலில் செய்ய வேண்டியவை மூன்று. ஒரு மணி நேர உழைப்பின் பயனைப் பெருக்கும் கல்வியிலும் கருவியிலும் முதலீடு. ஓவர்டைம் இல்லாமலேயே குடும்பம் நடத்தப் போதுமான அடிப்படைக் கூலி. இருக்கிற 48 மணி நேரச் சட்டத்தைச் சிறு பட்டறைகளுக்கும் விரித்து, அதைக் கண்காணிக்கப் போதுமான தொழிலாளர் ஆய்வாளர்களும், அஞ்சாமல் பேசும் சங்கங்களும் இருக்கும்படி செய்வது. வளர்ச்சியில் கிடைக்கும் கூடுதல் நேரம் உழைத்தவருக்கே போய்ச் சேரும் வழி இதுதான்.